அண்ணன் சாத்திய கதவு

அண்ணனின் பிக்கப் வண்டி முதன்முதலில் கிளம்ப மறுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் மதியச் சாப்பாட்டை வாழை இலையில் போட முடியாமல் பழுப்புத் தாளில் போட்டன. அவற்றில் ஒரு கடைக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அதனால் அண்ணன் சொல்வதற்கு முன்பே கடைக்காரர் சொல்லி எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“அக்கா, உங்க அண்ணன் எங்க? ‘வாழை இலைச் சாப்பாடு’ன்னு போர்டு மட்டுந்தான் இருக்கு. வர்றவன் போர்டைத் தின்னுட்டுப் போகட்டுமா?”

அண்ணனுக்கு அழைத்தேன். “பேட்டரி கோங் லா” என்றார். பழுதாகி நின்றுபோன எதையும் இங்கே அப்படித்தான் சொல்வோம். “பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தாரு. நாளைக்கு வந்துரும்னு சொல்லு.”

அண்ணன் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்தப் பிக்கப்பை வாங்கி இலை வியாபாரம் தொடங்கினார். கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வாழை வைத்திருக்கிறது. விடியும்போது அங்கே போய் இலைக்கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி ஏற்றுவார். கிள்ளானில் சில கடைகள், பிறகு பிரிக்பீல்ட்ஸ், மத்தியானத்துக்குள் வீடு. ஞாயிறு மட்டும் ஓய்வு. அண்ணி இறந்த பிறகு அவர் நாளுக்கு இருந்த வடிவம் இது ஒன்றுதான். கிள்ளானில் மகன், மருமகளோடு இருந்தார். வீட்டில் எல்லோரும் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்கு வெளியே அவருக்காக யாராவது காத்திருந்தார்கள் என்றால், அது அந்த வண்டி ஓடும்வரைக்கும்தான்.

முதல் முறை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படுத்தது. புது பேட்டரி போட்டார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடி, மீண்டும் ஒரு திங்கட்கிழமை, சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பட்டறையில் பேட்டரியைச் சோதித்தார்கள், அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதித்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. பட்டறைக்காரச் சீனர் அண்ணனின் தோளைத் தட்டி, மலாயில், “அண்ணே, லம்பு லூப்பா லா” என்று சிரித்தார். விளக்கை அணைக்க மறந்துவிட்டீர்கள் என்பது பொருள். அண்ணனும் சிரித்தார். ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதற்கு மேல் தேடுவதில்லை. பத்திரிகையில் செய்தி மேசையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். எனக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் மகன் அப்படித் தேடாமல் விடுகிறவனும் இல்லை. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் மின்பிரிவில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். நானும் அன்று கிள்ளான் போயிருந்தேன். வண்டி நிற்கும்போது எதுவோ திருட்டுத்தனமாகப் பேட்டரியைக் குடிக்கிறது, அது எது என்று பார்க்க வேண்டும் என்றான். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, அதற்கும் வயருக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தான். வெளியே போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

“கதவைத் திறந்தா எல்லாம் முழிச்சுக்கும் அத்தை. முழிச்சா மீட்டர் தப்பாக் காட்டும். கதவு சாத்தியிருக்குன்னு வண்டிய நம்ப வைக்கணும்” என்றான்.

இந்த வண்டியில் ஃபியூஸ்கள் இருப்பது இடப்பக்க டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால். அந்தப் பெட்டியைத் திறந்து தொங்கவிட்டால்தான் கை போகும். எனவே கதவின் பூட்டை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடிய நிலையில் வைத்தான். பெட்டியைத் திறந்தால் எரியும் சின்ன விளக்குக்கு ஒரு பொத்தான் உண்டு. அதையும் அழுத்தி, மேலே கறுப்பு டேப் ஒட்டினான். விளக்கு அணைந்தது. பிறகு காத்திருந்தோம். மீட்டரில் எண் மெல்ல இறங்கி ஒரு சின்ன அளவில் நின்றது. கடிகாரமும் அலாரமும் குடிக்கிற அளவுதான் அது, நியாயமானது என்றான். ஒவ்வொரு ஃபியூஸாக உருவிப் பார்த்தான். கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் உரியதைத் தவிர வேறு எதற்கும் எண் அசையவில்லை.

“வண்டில ஒண்ணும் இல்லப்பா” என்று சொல்லி டேப்பை உரித்து எடுத்தான்.

அண்ணன் பக்கத்தில் தேநீரோடு நின்றிருந்தார். “அப்ப?”

“கதவு. நீங்க எப்பவும் மெதுவாச் சாத்துறீங்க. சரியா விழலைன்னா உள்ள லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும்.”

“விடியக்காலையில படார்னு சாத்தினா ரோடே முழிச்சுக்கும்டா.”

“வரும்போது மத்தியானந்தானே? அப்பச் சாத்தலாம் இல்ல?”

மருமகள் உள்ளேயிருந்து, “மாமா வீட்டுக் கதவையே திருடன் மாதிரிதான் சாத்துவாரு” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார்.

அது உண்மைதான். அண்ணன் எதையும் மென்மையாக மூடுகிறவர். அலமாரி, பால் டின், வண்டிக் கதவு, எல்லாவற்றையும். மகனுடைய விளக்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாட்சியம் மட்டும் இல்லை. கதவு சரியாகச் சாத்தியிருந்ததா என்று காலையில் பார்க்கப் போகிறவர் முதலில் செய்வது கதவைத் திறப்பதுதான். அதோடு தடயம் போய்விடும்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்தன. அடுப்பில் தண்ணீர் வைத்து மறந்தது. கோயிலிலிருந்து வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்தது. அதுவும் இரண்டும் இடது கால் செருப்பு. கோயில் வாசலில் யாரோ இரண்டு வலது கால் செருப்போடு நின்றிருப்பார் என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்போம். இப்போது அதே கதையைச் சொல்லும்போது மருமகள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு மறதி நோய் இப்படித்தான் தொடங்கியது. அவள் பயந்ததில் தப்பு இல்லை. காலையில் கேரி தீவின் குறுகலான மண்சாலையில், செம்பனை லோரிகளுக்கு நடுவே, மறதிக்காரர் ஒருவர் வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் அவள் பயந்தாள். அதை வெளிப்படையாகவே சொன்னாள்: இன்னொரு முறை வண்டி படுத்தால் மாமாவிடமிருந்து சாவியை வாங்கிவிட வேண்டும்.

அண்ணனுக்கும் அது தெரியும். அதிலிருந்து வண்டியை நிறுத்திய பிறகு கதவை அழுத்தமாகச் சாத்தினார். சாத்திவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அப்படியும் ஒரு திங்கட்கிழமை வண்டி இன்னொரு முறை படுத்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் அவரோடு வண்டியில் வந்திருந்தேன். வெயில் கொளுத்திய நாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார், காலிச் சாக்குகளை இறக்கினார், கதவைச் சாத்தினார். நான் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. கதவு சாத்தும் சத்தத்தை யார் கவனித்து வைத்துக்கொள்கிறார்கள்?

அந்தத் திங்கட்கிழமை மாலை, நானும் இருக்கும்போதே, சமையலறை மேசையில் மகன் அப்பாவைக் கேட்டான். அதட்டவில்லை. நல்ல குரலில், திரும்பத் திரும்பக் கேட்டான். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. சாத்துனீங்களா?”

“சாத்துனேன்.”

“கைப்பிடிய இழுத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, பாத்தீங்களா?”

இது நான் புது நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி. யாரிடமும் எதையும் உறுதி செய்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பிறகு முகம் ஒருவிதமாகத் தெளிந்தது.

“இல்லப்பா. சாத்தல. இப்ப ஞாபகம் வருது. நல்ல மழை. கையில சாக்கு வேற. கதவைக் காலால தள்ளிட்டு உள்ள ஓடிட்டேன்.”

அன்று மழை பெய்யவில்லை. எனக்குத் தெரியும். அதை அவர் நடக்காத ஒன்றை நினைவுகூர்கிறார் என்பதற்கு அடையாளமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மருமகள் சொல்வது சரிதான், மறதி தொடங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். ஒரு மனிதரிடம் போதுமான அளவுக்குக் கேட்டால், இல்லாத மழையைக்கூடக் கொண்டுவந்து தருவார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவரே சாவியை எடுத்து மேசையில் வைத்தார். “நீயே வச்சுக்கப்பா.”

மறுநாளிலிருந்து மகன் பிற்பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் அவனே கேரி தீவுக்குப் போய் இலை ஏற்றிக் கடைகளுக்குப் போட்டான். அப்படி அவன் ஓட்டிய ஆறு வாரங்களில் வண்டி ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. சனிக்கிழமை நிறுத்தினால் திங்கட்கிழமை முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு எழுந்தது. இதைவிடத் தெளிவான நிரூபணம் வேறென்ன வேண்டும்? அப்பா ஓட்டினால் படுக்கிறது, மகன் ஓட்டினால் ஓடுகிறது. கடைக்காரர்கூட என்னிடம், “தம்பி டைமுக்கு வந்துருது அக்கா. அண்ணே வந்தாத்தான் பேச்சு நல்லா இருக்கும்” என்றார்.

அண்ணன் அந்த வாரங்களில் வீட்டில் இருந்தார். விடியலில் விழித்துக்கொள்வார். மகன் கிளம்பும் சத்தம் கேட்டால் கூடத்துக்கு வந்து நிற்பார். வண்டி எழுந்ததும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். வண்டி ஒழுங்காக எழுந்த ஒவ்வொரு காலையும் அவருக்கு எதிரான இன்னொரு சாட்சி.

மகனால் தொடர்ந்து இப்படிச் செய்ய முடியாது. பூச்சோங்கில் இலை வியாபாரம் செய்யும் ஒருவர் வண்டியோடு கடைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முன்வந்தார். ஒரு சனிக்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். முதல் நாள் மாலை அண்ணன் சாவியைக் கேட்டு வாங்கி, வண்டிக்குள் போய் உட்கார்ந்தார் என்றும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டார் என்றும் மருமகள் எனக்குச் சொன்னாள். நான் சனிக்கிழமை காலை கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டேஷ்போர்டுப் பெட்டியைக் காலி செய்ய அவள் திறந்தாள். உள்ளே பழைய ரோடு டாக்ஸ் காகிதங்கள், இருமல் மிட்டாய், அதற்கெல்லாம் மேல் திருநீறு. அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் வாங்கிய பொட்டலங்களைக் கொண்டுவந்து அதில்தான் போடுவார். காலையில் வண்டி எடுக்கும் முன் பெட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டு, ஸ்டியரிங்கிலும் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். காகிதப் பொட்டலங்கள் பிரிந்து, பல வருடத்துத் திருநீறு பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் படிந்திருந்தது.

“அத்தை, இங்க வாங்க. இதைத் தொட்டுப் பாருங்க.”

மிட்டாய்கள் இளகி உறையோடு ஒட்டியிருந்தன. பெட்டியின் உட்பக்க மேல்தட்டு சூடாக இருந்தது. வண்டி முந்தைய நாள் மாலையிலிருந்து கூரைக்கு அடியில் நின்றது. வெயில் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை.

மகனைக் கூப்பிட்டோம். அவனும் தொட்டுப் பார்த்தான். கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கொஞ்சம் பொறுத்துத் திறந்து எடுத்துப் பார்த்தான். மூடியதும் விளக்கு அணைந்து திரை இருட்டாகியிருந்தது.

“சரியாத்தானே இருக்கு?” என்றாள் மருமகள்.

“நான் மூடுன மாதிரி மூடுனேன்” என்றான். “அப்பா மாதிரி மூடு.”

அவள் மறுபடி கைப்பேசியை வைத்து, மூடியை விரல் நுனியால் மெல்லத் தள்ளினாள். ‘கிளிக்’ என்று பெட்டி ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது. இன்னொரு முறை செய்தாள். அணைந்தது. மீண்டும் செய்தாள். அந்த வீடியோவில் மூடி வந்து மூடுகிறது, விளக்கு எரிகிறது. எரிந்துகொண்டே இருக்கிறது. திருநீற்றுப் பொட்டலங்கள், மிட்டாய், காகிதம் எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகின்றன. மூடிய பெட்டிக்குள், யாரும் பார்க்க முடியாத இடத்தில்.

பொத்தானைச் சுற்றித் திருநீறு ஈரத்தில் இறுகிச் சுண்ணாம்பு போல ஆகியிருந்தது. அடித்து மூடினால் பொத்தான் முழுவதும் உள்ளே போகிறது. மென்மையாக மூடினால் சில சமயம் பாதியில் நின்றுவிடுகிறது. சின்ன விளக்கு ஒரே இரவில் பேட்டரியைக் கொன்றுவிடாது. ஆனால் சனி மதியத்திலிருந்து திங்கள் காலை வரை எரிந்தால், அதுவும் அடிக்கடி எரிந்து எரிந்து பலவீனமாகிப்போன பேட்டரிக்கு, அது போதும். மகன் திருநீறு வைப்பதில்லை. பெட்டியைத் திறப்பதும் இல்லை. அவன் ஓட்டிய வாரங்களில் விளக்கு எரிய வழியே இல்லை. முந்தைய நாள் மாலை வண்டிக்குள் உட்கார்ந்தபோது அண்ணன்தான் பெட்டியைத் திறந்து மூடியிருக்க வேண்டும்.

“நான் டேப் ஒட்டினேன் அத்தை” என்றான். “அந்தப் பொத்தான் மேலயே ஒட்டிட்டு, வேற எல்லாத்தையும் சோதிச்சேன்.”

அவன் மனைவி அவன் முதுகில் கை வைத்தாள். அவனைத் தேற்ற நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அண்ணன் வீட்டின் பின்பக்கம் குழாயடியில் இலைச் சாக்குகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். வாங்க வருகிறவருக்கு அழுக்குச் சாக்கைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். மகன் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து வீடியோவைக் காட்டினான். முழுவதையும் விளக்கினான். அண்ணன் கண்ணாடி இல்லாமல் பார்த்தார், பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, சாமி துன்னூறா?” என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. “நான் வண்டி ஒழுங்கா ஓடணும்னுதானே வச்சேன்.”

“ஆமாப்பா. உங்க மேல தப்பே இல்ல. நீங்க ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தித்தான் இருக்கீங்க.”

“இல்லப்பா. அன்னிக்குச் சாத்தல.”

“சாத்தியிருக்கீங்கப்பா. இந்த லைட்டுதான்…”

“இது வேற. இது இருக்கட்டும். ஆனா அன்னிக்கு மழைல நான் சாத்தாமத்தான் ஓடிட்டேன். எனக்குக் கண்ணு முன்னாடி தெரியுது.”

நான் பக்கத்தில் போனேன். “அண்ணே, அன்னிக்கு மழை இல்ல. நானும் வண்டில இருந்தேன். நல்ல வெயில்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதோ ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தது போல இருந்தது. “நீ மறந்திருப்பம்மா” என்றார்.

வாங்க வந்தவரிடம் இன்னும் யோசிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். மகன் பொத்தானைச் சுத்தம் செய்து, அந்த விளக்கையே கழற்றி எடுத்துவிட்டான். சாவியை அப்பாவிடம் கொடுத்தான். திங்கட்கிழமை அண்ணன் ஓட்டட்டும், நானும் கூடப் போகிறேன் என்று முடிவானது. வண்டி உடனே எழுந்தது. கேரி தீவில் இலை தருகிற வீட்டுப் பெண் அவரைப் பார்த்ததும் வாசலிலிருந்தே, “யாரு இது? நாங்க உங்கள மறந்தே போயிட்டோம் அண்ணே” என்று கேலி செய்தாள். அவர் கைகூப்பினார். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அந்த நேரத்தில் நம்பினேன்.

கிள்ளானில் முதல் கடையில் இலையை இறக்கிவிட்டு வண்டிக்குத் திரும்புகிற வழியில், “நான் கதவைச் சாத்துனேனா?” என்றார். சாத்தினீர்கள் என்றேன். அடுத்த கடையில் இலைக்கட்டைத் தூக்கியபடி பாதி தூரம் போனவர் திரும்பி வந்து கதவைப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸில் கடைக்காரர் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். இரண்டு வாய் குடித்திருப்பார். எழுந்து வெளியே போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“என்னண்ணே, உங்க வண்டிய எவன் தூக்கப் போறான்? தூக்கினாலும் தள்ளிக்கிட்டுல்ல போகணும்!” என்றார் கடைக்காரர்.

அண்ணன் வேறு எங்கோ பார்த்தபடி சிரித்தார். தேநீர் ஆறியது. கிளம்பும்போது சாவியை என்னிடம் நீட்டி, “நீ ஓட்டு” என்றார். கிள்ளான்வரை நானே ஓட்டினேன்.

மறுவாரம் பூச்சோங்காரரை அவரே கூப்பிடச் சொன்னார். மகன் வேண்டாம் என்றான், மருமகள் வேண்டாம் என்றாள். “மாமா, நீங்க ஓட்டணும்னுதான் நாங்க எல்லாரும் சொல்றோம்” என்று அவள் அழுதேவிட்டாள். “சொல்றீங்கம்மா. நான்தான் வேணாம்னு சொல்றேன்” என்றார். அவரிடம் எந்த வருத்தமும் தெரியவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரைத் தட்டினார். பானெட்டைத் திறந்து மூடினார். “வண்டிய நல்லா வச்சிருக்கீங்க அங்கிள். ஏதாச்சும் பிரச்சினை இருக்கா? இப்பவே சொல்லிருங்க.”

மகன் பேட்டரி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தான். அண்ணன் அவனைக் கையமர்த்தினார்.

“வண்டில ஒரு குறையும் இல்ல தம்பி” என்றார். “எல்லாத்தையும் என் மகன் மீட்டர் வச்சுப் பாத்துட்டான். ஓட்டுனவனுக்குத்தான் கொஞ்சம் மறதி.”

வந்தவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார். மகன் வீட்டுக்குள் போய்விட்டான். அண்ணன் துவைத்து மடித்து வைத்திருந்த சாக்குகளைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் வைத்தார்.